300 வாட்ஸ் என்னும் பொய்

கார் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வாட்ஸ்?" அடுத்தது, "இதைவிடப் பெரிய சைஸ் போட முடியாதா?" சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் தொடங்கி, சின்ன ஊர்களின் பைபாஸ் ஓரத்து ஆக்சஸரீஸ் கடைவரை இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. விற்பவரும் அதே பாஷையில் பதில் சொல்கிறார். இது தெரிந்துதான் கம்பெனிக்காரர்கள் பெட்டியில் அந்த எண்ணை அத்தனை பெரிதாக அச்சடிக்கிறார்கள். மூன்று தரப்பும் ஒத்துக்கொண்டுவிட்ட இந்தக் கருத்து தவறு. வாங்குபவரின் பணத்தையும், காரின் பேட்டரியையும், கடைசியில் காதையும் அது கெடுக்கிறது.

அந்தத் தரப்பின் வாதத்தை அதன் பலத்தோடு முதலில் சொல்லிவிட வேண்டும். ஒலி என்பது காற்றின் அசைவு. பெரிய கூம்பு அதிகக் காற்றை அசைக்கும். ஆகவே பெரிய ஸ்பீக்கர் நன்றாக ஒலிக்கும். கூம்பை அசைக்க மின்சக்தி வேண்டும். ஆகவே வாட்ஸ் கூடினால் சத்தம் கூடும். தேவைக்கு மேல் சக்தி இருப்பதில் நஷ்டமில்லை, வேண்டாதபோது குறைத்து வைத்துக்கொள்ளலாம். சக்தி போதாத ஆம்பை முறுக்கினால்தான் பாட்டு கிழியும். இந்த மூன்றிலும் உண்மை இருக்கிறது. 4 இன்ச் ஸ்பீக்கரிலிருந்து 40 ஹெர்ட்ஸ் பாஸ் வராது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அச்சிட்ட வாட்ஸையும் இன்ச்சையும் பார்த்தே ஒலியைத் தீர்மானித்துவிடலாம் என்று அதிலிருந்து எடுக்கும் முடிவு நிற்காது. காரணங்கள் ஆறு.

1. ஸ்பீக்கர் எங்கே வாட்ஸ் தருகிறது?

தருவது ஆம்ப், ஸ்பீக்கர் அதை வாங்கிக்கொள்கிறது. ஸ்பீக்கர் பெட்டியில் உள்ள எண், அதற்குள் இருக்கும் செம்புக் கம்பிச்சுருளான காயில் கருகாமலும் கூம்பு கிழியாமலும் எவ்வளவு மின்சக்தியைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. அமெரிக்காவின் ஒலிப் பொறியாளர் சங்கமான ஏஇஎஸ் 1984-இல் வகுத்த சோதனை முறையைப் பார்த்தாலே இது விளங்கும். ஸ்பீக்கருக்குள் இரண்டு மணி நேரம் தொடர்ந்து இரைச்சல் சிக்னலைச் செலுத்துவார்கள்; நிரந்தரச் சேதம் இல்லாமல் தாண்டினால் அந்த வாட்ஸுக்கு அது தகுதி பெறும். எவ்வளவு சத்தம் வந்தது, எவ்வளவு தெளிவாக வந்தது என்பது அந்த வாட்ஸ் எண்ணில் இல்லவே இல்லை. கிணற்றுக் கயிறு 50 கிலோ தாங்கும் என்பதால் வாளியில் 50 கிலோ தண்ணீர் வந்துவிடாது.

உள்ளே போகும் சக்தி என்ன ஆகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1 வாட்டுக்கு 90 டெசிபல் தரும் ஒரு நல்ல கார் ஸ்பீக்கர், வாங்கும் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக மாற்றுவதில்லை. மீதி அத்தனையும் காயிலில் சூடாகிறது. சூடேறிய செம்பின் மின்தடை கூடும்: ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம். ஓங்கி ஓட்டிக் காயில் 200 டிகிரி சூடேறினால் மின்தடை ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். அப்போது அதே வால்யூமில் ஸ்பீக்கருக்குள் போகும் சக்தி பாதியை நெருங்கிக் குறைகிறது. தாங்கும் திறன் கூடிய காயிலுக்கு இந்த இடத்தில் மதிப்பு உண்டு, அதை ஒப்புக்கொள்ளலாம். அந்த மதிப்பு ஆயுள் பற்றியது. இனிமை வேறு கணக்கு.

2. பெட்டியில் பெரிதாக இருக்கும் எண், எந்தப் பாட்டிலும் கிடைக்காத எண்.

6.5 இன்ச் ஸ்பீக்கர் பெட்டியில் 300 வாட்ஸ் என்று கட்டைவிரல் உயரத்தில் இருக்கும். அதே பெட்டியின் பக்கவாட்டில், பொடி எழுத்தில், ஆர்எம்எஸ் 40 அல்லது 50 வாட்ஸ் என்று இருக்கும். முன்னது நொடியின் சிறு பகுதிக்குத் தாங்கும் உச்சம். பின்னது தொடர்ந்து தாங்குவது. 1990-களில் டேப் ரெக்கார்டர்களில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் ஒட்டப்பட்ட எண்களின் வாரிசுதான் இது. பெயர் மாறியது, பழக்கம் மாறவில்லை.

ஸ்டீரியோவின் முகப்பில் உள்ள "50 வாட்ஸ் × 4" என்பதைக் கணக்குப் போட்டே சோதிக்கலாம். வண்டி ஓடும்போது கிடைப்பது அதிகபட்சம் 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் ஆம்ப் சிப், ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக இயக்கினாலும் அந்த 14.4 வோல்ட்டுக்கு மேல் போக வழியில்லை. அந்த உச்சத்தைத் தொடும் சுத்தமான அலையின் ஆர்எம்எஸ் வோல்ட் 10.2. அதை வர்க்கம் செய்து, ஸ்பீக்கரின் 4 ஓம்ஸால் வகுத்தால் 26 வாட்ஸ். சிப்புக்குள் ஏற்படும் இழப்பைக் கழித்தால் சுமார் 20 வாட்ஸ். அப்படியானால் 50 எங்கிருந்து வந்தது? அலையின் தலை முழுவதும் தட்டையாக வெட்டுப்பட்டு, 14.4 வோல்ட்டிலேயே நின்றுகொண்டிருந்தால், 14.4-இன் வர்க்கத்தை 4-ஆல் வகுக்க வரும் விடை 51.8. பாட்டு பாட்டாக இல்லாமல் வெறும் கிறீச்சலாக மாறிய பிறகு கிடைக்கும் சக்தியைத்தான் முகப்பில் பொறித்திருக்கிறார்கள். பல ஸ்டீரியோக்களின் கையேட்டுக் கடைசிப் பக்கத்தில் 22 வாட்ஸ் × 4 என்ற உண்மை எண்ணும் அச்சாகியிருக்கும்.

கையேடு தொலைந்துபோனவர்கள் ஸ்டீரியோவை வெளியே இழுத்துப் பின்பக்கம் பார்க்கலாம். வயர்கள் செருகும் சாக்கெட்டுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், 10 என்று எழுதிய சின்ன ஃபியூஸ் ஒன்று செருகியிருக்கும். 10 ஆம்பியரை 14.4 வோல்ட்டால் பெருக்கினால் 144 வாட்ஸ். திரை, விளக்கு, ப்ளூடூத் என அந்தப் பெட்டி மொத்தமாகத் தொடர்ந்து இழுக்கக்கூடிய சக்தியே அவ்வளவுதான். உள்ளே போவது 144 வாட்ஸாக இருக்க, வெளியே 200 வாட்ஸ் எப்படி வரும்?

இந்த ஏமாற்று புதிதல்ல. வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் வாட்ஸ் அறிவிப்புகள் எல்லை மீறியபோது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-இல் விதி கொண்டுவந்தது: எந்த ஓம்ஸில், எந்த அலைவரிசைக்குள், எவ்வளவு சிதைவோடு அளந்தது என்று சொல்லாமல் வாட்ஸ் விளம்பரம் செய்யக் கூடாது. அது வீட்டுச் சாதனங்களுக்கான விதி. கார் அதற்குள் வரவில்லை. கார் ஆம்புகளுக்கு சிஇஏ-2006 என்ற அளவுமுறை வர 2003 ஆயிற்று. 14.4 வோல்ட், 4 ஓம்ஸ், சிதைவும் இரைச்சலும் சேர்ந்து 1 சதவீதத்துக்குள் என்று அது வரையறுத்தது. ஆனால் அது கட்டாயமில்லை; விரும்பும் கம்பெனி பின்பற்றலாம். விளைவு கடைத் தட்டில் தெரிகிறது. நேர்மையாக 60 வாட்ஸ் என்று அச்சடித்த பெட்டி, 400 என்று அச்சடித்த பெட்டிக்குப் பக்கத்தில் தோற்றுப்போகிறது. எண்ணைப் பார்த்து வாங்கும் பழக்கம் பொய் சொல்லாதவரைத்தான் தண்டிக்கிறது.

3. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது.

ஆம்பின் உண்மையான வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று தெரியும் அளவு அது. காதுக்குச் சத்தம் இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். 50 வாட்ஸ் ஆம்பைக் கழற்றிவிட்டு 100 வாட்ஸ் ஆம்ப் மாட்டியவர் கொடுத்த காசுக்குக் கிடைத்தது இந்த 3 டெசிபல்தான்.

பெட்டியில் யாரும் தேடாத எண் ஒன்று உண்டு: சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்று அது சொல்கிறது. 87 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றும், 93 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றும் தட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னதற்கு 100 வாட்ஸ் கொடுத்தால் 107 டெசிபல். பின்னதற்கு 25 வாட்ஸிலேயே அதே 107 கிடைத்துவிடும். பெட்டியில் 300 என்று எழுதியிருப்பது முதல் ஸ்பீக்கராகவும், 120 என்று எழுதியிருப்பது இரண்டாவதாகவும் இருந்தால், கடைக்கு வந்தவர் எதைத் தூக்கிக்கொண்டு போவார்? வெளி ஆம்ப் போடாமல், கம்பெனி ஸ்டீரியோவின் 20 வாட்ஸிலேயே ஓட்டப்போகிறவருக்கு இந்தத் தேர்வு முழுச் செலவையும் வீணாக்கிவிடும். கனத்த காயிலும் விறைப்பான கூம்பும் கொண்ட "ஹை பவர்" ஸ்பீக்கர் அந்த 20 வாட்ஸில் பழைய கம்பெனி ஸ்பீக்கரைவிட மெதுவாகப் பாடும் வாய்ப்பு உண்டு. புது ஸ்பீக்கர் மாட்டிய பிறகு "முன்னைவிட டல்லா இருக்கே" என்று சொல்பவர்களின் காது சரியாகத்தான் கேட்கிறது.

சென்சிட்டிவிட்டி எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. சிலர் 1 வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட்டில் அளந்து எழுதுவார்கள். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது 1 வாட். கார்களில் வழக்கமான 4 ஓம்ஸுக்கு அது 2 வாட்ஸ். எனவே எண் 3 டெசிபல் கூடித் தெரியும். ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் அளந்தவையா என்று பார்க்க வேண்டும்.

4. இன்ச் சொல்வது முக்கியமாக ஓட்டையின் கதையை.

6.5 இன்ச் என்பது வெளிச் சட்டத்தின் அகலம், ஏறக்குறைய 165 மில்லிமீட்டர். ஒலி எழுப்பும் பரப்பின் விட்டம் அதில் 13 சென்டிமீட்டர்தான். சைஸ் எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் ஆழம் தெரியாது. கதவுக் கண்ணாடியை இறக்கும்போது அது மேக்னட்டில் போய் முட்டும்.

பாஸுக்குப் பரப்பு வேண்டும் என்பது நியாயமான வாதம். அதே அளவு சத்தத்தில் 80 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்க, நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். ஆனால் தள்ளும் காற்றின் அளவு பரப்பை மட்டும் சார்ந்ததில்லை. கூம்பு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் சிதையாமல் போய்வரும் என்பதோடு பெருக்க வேண்டும். 12 இன்ச் சப்வூஃபரின் பரப்பு சுமார் 490 சதுர சென்டிமீட்டர்; அது 6 மில்லிமீட்டர் போனால் தள்ளும் காற்று 294 கன சென்டிமீட்டர். 10 இன்ச்சின் பரப்பு 335; அது 12 மில்லிமீட்டர் போகும் தரத்தில் செய்யப்பட்டிருந்தால் தள்ளுவது 402. சின்னது ஜெயிக்கிறது. எக்ஸ்மேக்ஸ் எனப்படும் இந்தத் தூரத்தை எத்தனை பேர் கேட்டு வாங்குகிறார்கள்?

பெரிய சைஸுக்குப் பெரிய பெட்டியும் வேண்டும். கேஎல்எச் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன் வகுத்த இரும்பு விதி ஸ்பீக்கர் செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்: ஆழமான பாஸ், சின்னப் பெட்டி, குறைந்த வாட்ஸில் அதிகச் சத்தம். மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும், மூன்றாவதை விட்டாக வேண்டும். துளை வைத்த பெட்டியில் 12 இன்ச் சப்வூஃபர் சரியாக வேலை செய்யப் பெரும்பாலும் 50 லிட்டருக்குக் குறையாத இடம் கேட்கும். ஸ்விஃப்ட்டின் டிக்கி மொத்தமே சுமார் 265 லிட்டர். சிஎன்ஜி சிலிண்டர் வைத்த வண்டியில் அந்த இடத்துக்கும் வழியில்லை. ஆகவே கடையில் 12 இன்ச்சைச் சின்னப் பெட்டிக்குள் திணித்துத் தருகிறார்கள். அது எல்லாப் பாட்டையும் ஒரே "தொம் தொம்" என்று வாசிக்கிறது. மிருதங்கத்தின் தொப்பிக்கும் தவிலின் அடிக்கும் பேஸ் கிட்டாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

பெரிய கூம்பு உயர்ந்த ஸ்வரங்களில் தோற்கவும் செய்யும். 2000 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் 17 சென்டிமீட்டர். கூம்பின் அகலம் அலைநீளத்தை நெருங்க நெருங்க, ஒலி பரவாமல் நேராக முன்னோக்கிப் பாயும். கதவில் இருக்கும் ஸ்பீக்கரின் நேர் எதிரே இருப்பது பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கால். சொற்களைப் பிரித்துக் காட்டும் ச, த, க ஒலிகளின் கூர்மை 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் ட்வீட்டரைத் தனியாகக் கண்ணாடி ஓரத் தூணில், காதைப் பார்த்து வைக்கிறார்கள். பின்பக்கப் பார்சல் ட்ரேயில் ஒரு ஜோடி 6×9 போட்டுவிட்டால் போதும் என்ற நீண்ட காலப் பழக்கத்தில், பாடகரின் குரல் பின்சீட்டுக்காரரின் பிடரிக்குப் பின்னாலிருந்து வருகிறது. ஓட்டுபவருக்கு முன்னால் வெறும் சாலைதான்.

5. கதவுதான் பெட்டி. அதை யாரும் விலை கேட்பதில்லை.

டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால் இந்த வியாபாரத்தின் பெரிய ஓட்டை கண்ணுக்குத் தெரியும். விரலால் தட்டினால் அதிரும் மெல்லிய தகடு. கண்ணாடி ஏற்றி இறக்கும் மெக்கானிசத்துக்குக் கை நுழைக்க விட்ட பெரிய திறப்பு. அதன் மேல் கறுப்புப் பசையால் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள். கீழே, ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் மூன்று நான்கு ஸ்க்ரூவில் ஸ்பீக்கர். கூம்பு முன்னால் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் இழுக்கிறது. பின்பக்கத்து அலை அந்தத் திறப்பின் வழியே வெளியே வந்து முன்பக்கத்து அலையை அழிக்கிறது. அழிவது பாஸ். எத்தனை வாட்ஸ் கொட்டினாலும் இரண்டும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே அழியும்.

இதற்கு மருந்து விலை குறைந்தது. திறப்புகளைக் கெட்டியாக மூடி, தகட்டின் மேல் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கருக்கும் டோர் பேடுக்கும் நடுவே நுரை வளையம் வைத்தால், இருக்கிற ஸ்பீக்கரிலேயே பாஸ் திரும்பிவரும். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது, அடைத்தால் கதவு துருப்பிடிக்கும்.

இன்னொரு பிழை செலவே இல்லாதது. இடப்பக்க ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் வயர்கள் மாறிப்போயிருந்தால், ஒரு கூம்பு முன்னே போகும்போது மற்றது பின்னே போகும். பாஸ் காணாமல்போகும், குரல் நடுவில் நிற்காமல் கலையும். அவசரத்தில் வயர் முறுக்கும் இடங்களில் இது சாதாரணமாக நடக்கிறது. இரண்டு நிமிடத்தில் மாற்றிப் போட்டுச் சரிசெய்ய வேண்டிய இந்தக் குறைக்குத்தான் பலர் "வாட்ஸ் பத்தலை" என்று மறுபடியும் பர்ஸைத் திறக்கிறார்கள்.

காரின் உட்புறமும் ஒலியைத் தீர்மானிக்கிறது என்பது கார் கம்பெனிகளுக்கு எப்போதோ தெரியும். எம்ஐடி பேராசிரியர் அமர் போஸின் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து 1983 மாடல் கார்களில் தந்த சிஸ்டத்தின் புதுமையே, ஒவ்வொரு மாடலின் உட்புறத்தையும் அளந்து, இருக்கை, கண்ணாடி, கதவு ஆகியவை ஒலியை எப்படி மாற்றுகின்றன என்று பார்த்து, அதற்கேற்ப ஸ்பீக்கரையும் ஆம்பையும் சரிசெய்ததுதான்.

6. "கூடுதலாக இருந்தால் என்ன கெட்டுவிடும்?"

கெடுகிறது. உண்மையான 1000 வாட்ஸ் தரும் கிளாஸ்-டி ஆம்ப், 80 சதவீதத் திறனோடு ஓடினாலும் 1250 வாட்ஸ் இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது 90 ஆம்பியர். சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஏஹெச் பேட்டரி. பாஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஹெட்லைட் மங்குவதைப் பெருமையாகக் காட்டுபவர்கள், வோல்ட் விழுவதால் அந்த ஆம்பும் தன் வாட்ஸை இழக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. செம்பு என்று சொல்லி அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரைப் போட்டு, பேட்டரி அருகே ஃபியூஸும் வைக்காமல் விட்டால், அது தீப்பிடிக்கும் ஆபத்து.

"சக்தி போதாத ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும், அதனால் பெரிதாகப் போடு" என்ற வாதமும் அரைகுறையே. 50 வாட்ஸ் ஆம்பை, அதன் கெயினைத் திருகி, அலையை வெட்டும் அளவுக்கு ஓட்டினால், அது 100 வாட்ஸை நெருங்கிக் கொடுக்கும். ஸ்பீக்கரை எரிப்பது அந்த அதிகப்படி சூடு, போதாமை எரிப்பதில்லை. கெயின் வால்யூம் திருகு என்று நினைத்து 1000 வாட்ஸ் ஆம்பிலும் அதையே செய்பவரிடம் ஸ்பீக்கர் இன்னும் சீக்கிரம் எரியும்.

எவ்வளவு போதும்? 90 டெசிபல் ஸ்பீக்கர்கள் நான்கு இருக்கும் மூடிய காரில், 85 டெசிபல் சராசரியில் கேட்க ஒவ்வொன்றுக்கும் 1 வாட்கூடத் தேவையில்லை. பாட்டின் உச்சங்கள் சராசரியைவிட 15 டெசிபல் எகிறலாம். அதற்கு 30 மடங்கு ஒதுக்கினாலும் சிதைவில்லாத 30 வாட்ஸில் முடிந்துவிடும். குறைந்த பாஸை மூடிய சின்ன அறையான கார் தானே தூக்கிக் கொடுக்கிறது. அதற்கு மேல் போக நினைப்பவர்களுக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் வரம்பு இருக்கிறது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஐந்து மணி நேரம் ஓட்டுகிறவர், பின்சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு, அந்த 15 நிமிடத்தைத் தாம்பரம் தாண்டுவதற்குள் தீர்த்துவிடுகிறார். உள்காதில் அழிந்த முடிச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஸ்பீக்கர் என்றால்: சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபல், 1 வாட்டிலா 2.83 வோல்ட்டிலா? ஆர்எம்எஸ் எவ்வளவு? ஆழம் எத்தனை மில்லிமீட்டர், கண்ணாடி இறங்குமா? ஆம்ப் என்றால்: எத்தனை வோல்ட்டில், எத்தனை சதவீதச் சிதைவில் இந்த வாட்ஸ்? சப்வூஃபர் என்றால்: எக்ஸ்மேக்ஸ் எவ்வளவு, எத்தனை லிட்டர் பெட்டி கேட்கிறது? மாட்டும் கூலியில் கதவை மூடி டேம்பிங் செய்வதும் சேர்த்தியா? விற்பவருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கும். தாளிலும் இல்லையென்றால், 300 வாட்ஸ் என்று எத்தனை பெரிதாக எழுதியிருந்தாலும், பெட்டியை எடுத்த தட்டிலேயே திரும்ப வைத்துவிடலாம்.